எட்டு வாரத்தில் மைண்ட்ஃபுல்னெஸ்: மதம் சாராத தியானத்தை வீட்டில் பழகும் முறை

மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இந்தக் கணத்தில் மூச்சிலும் உடலிலும் மனதிலும் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி. இன்று இதைப் பழக நினைப்பவர்களில் பலர் செயலியில்தான் தொடங்குகிறார்கள். பத்து நிமிடம், இதமான குரல், பின்னணியில் மழைச் சத்தம். இரண்டு வாரம் ஓடும், மூன்றாவது வாரம் நின்றுவிடும். "மனசு ஒரு இடத்தில நிக்கவே மாட்டேங்குது, எனக்கு இது சரிப்படாது" என்று விட்டுவிடுவார்கள். இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. பயிற்சியின் அளவு போதவில்லை. மனம் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போ முதலிலிருந்தே தவறு. இரண்டையும் சரிசெய்துகொண்டு தொடங்கினால் எட்டு வாரத்தில் உறுதியான அடித்தளம் போட்டுவிடலாம்.

அளவு ஏன் முக்கியம் என்று புரிய, இது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூச்சையும் உடலையும் கவனிக்கும் இந்தப் பயிற்சிகளின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் மகாசி சயாதோ போன்ற பர்மியத் துறவிகள் இவற்றைக் குடும்பஸ்தர்களுக்கும் பெருமளவில் கற்றுக்கொடுத்தார்கள். மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்ற ஜான் கபட்-ஜின், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருந்துக்கு முழுதாகக் கட்டுப்படாத நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். சடங்கு, மந்திரம், நம்பிக்கை எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கவனப் பயிற்சியை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைத்தல்) என்று இன்று உலகம் முழுவதும் நடத்தப்படும் பாடத்திட்டம் இதுதான்: 8 வாரம், வாரம் ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு, ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, இவற்றோடு வாரத்தில் ஆறு நாள் வீட்டில் சுமார் 45 நிமிடம். பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் இதை மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக மாற்றியமைத்தார்கள். 2004இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் அதைப் பரிந்துரைத்தது.

அதன்பின் வளர்ச்சி வேகமெடுத்தது. 2007இல் கூகுள் நிறுவனத்துக்குள் ஊழியர்களுக்கான வகுப்பு வந்தது. 2010இல் ஹெட்ஸ்பேஸ், 2012இல் காம் ஆகிய தியானச் செயலி நிறுவனங்கள் தொடங்கின. அமெரிக்க அரசின் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு வகைத் தியானம் செய்வதாகச் சொன்ன பெரியவர்கள் 2012இல் 4.1 சதவீதம், 2017இல் 14.2 சதவீதம். பரவிய வேகத்தில் சுருங்கிப்போனது பயிற்சி நேரம்தான். 45 நிமிடம் பத்தானது, பத்து மூன்றானது. பலன் பற்றிய வாக்குறுதி மட்டும் சுருங்கவில்லை.

பலன் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2014இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடச் சிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022இல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் நடந்த ஆய்வில், எம்.பி.எஸ்.ஆர். வகுப்பு, பதற்றத்துக்குத் தரப்படும் எசிட்டலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அங்கே தரப்பட்டது வீட்டுப் பயிற்சியோடு கூடிய முழு 8 வார வகுப்பு. அதே ஆண்டு பிரிட்டன் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில், வழக்கமான வகுப்புகளைவிட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பால் மாணவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

தொடங்கும் முன்

எல்லோரும் தனியே தொடங்கக் கூடாது. கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், தற்கொலை எண்ணம் வருபவர்கள், இருமுனைக் கோளாறோ மனச்சிதைவோ உள்ளவர்கள், பழைய அதிர்ச்சி நிகழ்வுகள் இன்னும் கண்முன் வந்துபோகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, அனுபவமுள்ள பயிற்றுநரோடு மட்டுமே செய்ய வேண்டும். கண்ணை மூடி உடலுக்குள் கவனத்தைத் திருப்பும்போது, இதுவரை ஒதுக்கி வைத்திருந்தது மேலே வரும். அதைத் தாங்க ஆள் துணை வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மருந்தை இந்தப் பயிற்சியை நம்பி யாரும் நிறுத்தக் கூடாது.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான். நாற்காலியில் உட்காருவதானால் பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முதுகு சாய்மானத்திலிருந்து ஒரு கையளவு முன்னால் இருக்க வேண்டும். தரையில் உட்காருவதானால் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கெட்டியான திண்டு போட்டு அதன் முன்பாதியில் உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பு பின்னால் சரிந்து, பத்து நிமிடத்தில் முதுகு கூன் போடும். பிறகு வலிதான் மிஞ்சும். அப்படி இருப்பவர்கள் நாற்காலிக்கே போய்விடலாம், பலனில் ஒரு குறையும் வராது. தரையில் உட்கார்ந்தால்தான் தியானம் என்ற எண்ணத்தால் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

டைமர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் "எவ்வளவு நேரம் ஆச்சு" என்ற கேள்வியே பாதி நேரத்தைத் தின்றுவிடும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, கை எட்டாத இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

மூச்சோடு உட்காருதல்

கண்ணை மூடலாம். அல்லது ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக வைக்கலாம். முதலில் உடல் எங்கெல்லாம் தரையையும் இருக்கையையும் தொடுகிறது என்று அரை நிமிடம் உணருங்கள். பிறகு மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று தேடுங்கள்: மூக்கு நுனி, நெஞ்சு, வயிறு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் அந்த வாரம் முழுக்க அதை மாற்ற வேண்டாம். தொடக்கத்தில் வயிறு எளிது, அசைவு பெரியது. மூச்சை ஆழமாக்கவோ சீராக்கவோ வேண்டாம். குட்டையாக வந்தால் குட்டையாகவே இருக்கட்டும்.

அடுத்து நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுப் பயிற்சியும் இங்கேதான் இருக்கிறது. வயிறு மேலே வருகிறது, தாழ்கிறது. நாலைந்து மூச்சு தெரியும். எங்கிருந்தோ "அந்த மெயிலுக்குப் பதில் போட்டேனா?" என்று ஒன்று எழும். உடனே பதிலை எப்படி எழுதுவது என்று வாக்கியம் ஓடும். அதைப் படித்த மேலாளர் என்ன சொல்வார் என்பது வரும், அவருக்கு நீங்கள் தரும் பதிலடி வரும். இதற்குள் தாடை இறுகியிருக்கும். சட்டென்று ஒரு கணம், "மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேனே" என்று தெரியவரும்.

அந்தக் கணத்தில் அவசரப்பட்டு மூச்சுக்கு ஓடாதீர்கள். மூன்று சிறிய காரியங்கள் செய்யுங்கள். நடந்ததற்கு மனதுக்குள் ஒரு சொல்லில் பெயர் வையுங்கள்: "திட்டம்", "வாக்குவாதம்", "கவலை". உடலில் எங்கே இறுக்கம் என்று ஒரு மூச்சு நேரம் பாருங்கள். பிறகு வயிற்றுக்குத் திரும்புங்கள். 15 நிமிடத்தில் இது முப்பது முறை நடந்தால் முப்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு. எடை தூக்குபவருக்கு ஒவ்வொரு தூக்கலும் எப்படியோ, இங்கே ஒவ்வொரு திரும்புதலும் அப்படி. மனம் ஓடியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் அதற்கும் ஒரு பெயர் வைக்கலாம்: "கண்டிப்பு". அதுவும் இன்னொரு எண்ணம்தான்.

முதல் வாரத்தில் மூச்சு பிடிபடவே இல்லை என்றால் வெளிமூச்சுகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்தைத் தாண்டிப் பதினேழு வரை போய்விட்டதும் தவறியதாகத்தான் கணக்கு. இரண்டு வாரத்தில் எண்ணுவதை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை இயந்திரம்போல் ஒருபக்கம் ஓட, யோசனை இன்னொரு பக்கம் ஓடும்.

பாடி ஸ்கேன்

எம்.பி.எஸ்.ஆர். வகுப்புகள் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கிப் பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று இடுப்பு வரை வந்து, பிறகு வலது கால், இடுப்பு, முதுகு, வயிறு, நெஞ்சு, கைகள், கழுத்து, முகம் என்று நகர வேண்டும். 30 முதல் 45 நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் வெப்பம், அழுத்தம், அரிப்பு, துடிப்பு என்று இருப்பதை உணர்ந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சுண்டுவிரலில் எதுவுமே தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பதையே கவனித்துவிட்டு நகருங்கள். உணர்ச்சியை வலிந்து வரவழைக்க வேண்டாம்.

இங்கே பெரிய தொல்லை தூக்கம். படுத்தால் தூங்குவது உடலின் பழக்கம். அதனால் கட்டிலில் செய்யாதீர்கள், தரையில் பாய் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேண்டாம். அப்படியும் கண் சொருகினால் கண்ணைத் திறந்தே செய்யலாம். அல்லது ஒரு கையை முழங்கையிலிருந்து செங்குத்தாக நிறுத்திக்கொள்ளலாம், தூங்கினால் கை விழுந்து எழுப்பிவிடும். வாரம் முழுக்கத் தினமும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு ராத்தூக்கம் போதவில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: தினமும் பாடி ஸ்கேன் 30 நிமிடம், வேறொரு நேரத்தில் மூச்சோடு 10 நிமிடம். மூன்றாவது, நான்காவது வாரம்: ஒரு நாள் பாடி ஸ்கேன், மறுநாள் மூச்சோடு 20 நிமிடமும் நடைப் பயிற்சி 10 நிமிடமும். ஐந்தாவது வாரத்திலிருந்து உட்காரும் நேரம் 30 நிமிடம். அதில் கடைசிப் பத்து நிமிடம் மூச்சை விட்டுவிட்டு, வரும் சத்தம், உடல் உணர்ச்சி, எண்ணம் எதுவானாலும் வருவதும் போவதுமாகக் கவனியுங்கள். அதுவரை செயலியின் குரல் வழிகாட்டலோடு செய்திருந்தாலும், எட்டாவது வாரம் அது இல்லாமல் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.

நடைப் பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து அடி வைக்க இடம் இருந்தால் போதும். குதிகால் எழுவது, கால் முன்னே போவது, தரையில் படிவது என மூன்றையும் உணர்ந்தபடி போய், கோடியில் நின்று ஒரு மூச்சு விட்டுத் திரும்பி வர வேண்டும். உட்கார்ந்தாலே படபடப்பு வருபவர்களுக்கு இதுவே முதன்மைப் பயிற்சியாக இருக்கலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நிமிட இடைவேளையைச் சேருங்கள். முதல் நிமிடம் இப்போது மனதிலும் உடலிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இரண்டாவது மூச்சு, மூன்றாவது முழு உடல். இதைத் தினமும் நடக்கும் ஏதாவது ஒரு காரியத்தோடு கட்டிப்போடுங்கள்: கணினியைத் திறக்கும் முன், வீட்டுக்குள் நுழையும் முன். கோபம் வரும்போது மட்டும் செய்து பார்க்கலாம் என்று வைத்திருந்தால் அப்போது ஞாபகமே வராது.

தடுமாறும் இடங்கள்

மூச்சைக் கவனித்ததும் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறதா? கவனிக்கிறேன் என்று மூச்சை இயக்கத் தொடங்கிவிட்டீர்கள். கவனத்தைப் பாதம் தரையில் படும் இடத்துக்கோ, கைகள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கோ, சுற்றியுள்ள சத்தத்துக்கோ மாற்றுங்கள். மூச்சு கட்டாயமில்லை. சிலர் கடைசிவரை சத்தத்தோடே பயில்கிறார்கள்.

கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். சற்று அசைந்தால் சரியாகும். முழங்காலில் குத்துவதுபோன்ற வலி வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், உடனே காலை மாற்றுங்கள். மந்தமான வலியும் அரிப்பும் வேறு. அசையும் முன் நாலைந்து மூச்சு அதன் எல்லை எங்கே, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். பிறகும் அசைய வேண்டும் என்றால் மெதுவாக, அசைவதை உணர்ந்தபடி அசையலாம்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் "முன்னைவிடப் பதற்றம் கூடிவிட்டது" என்று தோன்றுவது உண்டு. பெரும்பாலும் முன்பே இருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பல நாள் தூக்கம் கெடுவது, பீதி கூடிக்கொண்டே போவது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, தன்னையோ சுற்றியிருப்பதையோ நிஜமில்லாததுபோல் உணர்வது ஆகியவை வேறு வகை. அப்போது பயிற்சியை நிறுத்திவிடுங்கள். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். பிறகு மருத்துவரைப் பாருங்கள். "பொறுத்துக் கடந்துவிடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பணியிடத்தில் வகுப்பு வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். வேலைச் சுமை கூடியதால் வரும் அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது, சுமையைக் குறைக்கத்தான் வேண்டும். வகுப்பு விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும், யார் வந்தார்கள் என்பது மதிப்பீட்டில் சேரக் கூடாது.

பயிற்றுநரைத் தேடினால் நேராகவே கேளுங்கள்: நீங்களே எத்தனை ஆண்டாகத் தினமும் பயில்கிறீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்? வகுப்பில் ஒருவருக்குப் பீதி வந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரிடம் சேர வேண்டாம். சேரும் முன் உங்கள் உடல்நிலை, மனநிலை பற்றி விசாரிக்காத வகுப்பும் அப்படித்தான்.

எட்டு வாரம் முடிந்தபின் தினமும் 20 நிமிடம் உட்கார்ந்தால் பழகியது நிலைக்கும். இடையில் சில வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து 30 நிமிடத்தில் தொடங்காதீர்கள். மூன்று நாள் பத்து நிமிடம், அடுத்த மூன்று நாள் பதினைந்து, பிறகு இருபது என்று ஏறுங்கள்.