கலர் சார்ட்டரை நம்புவதற்கு முன் இருபது கருப்புக் கொட்டை

ஏற்காட்டுக் காப்பியைக் கலர் சார்ட்டரில் (கேமராவால் நிறம் பார்த்துக் கெட்ட கொட்டையைப் பிரிக்கும் மெஷின்) தரம் பிரிப்பவர்கள், காலையில் வேலை தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். கையால் பொறுக்கிச் சுத்தம் செய்த 2 கிலோ கொட்டையில், எண்ணி 20 கருப்புக் கொட்டைகளைக் கலந்து மெஷினில் விடுங்கள். வழக்கமான வேகத்திலேயே விடுங்கள், மெதுவாக விட்டால் எந்த மெஷினும் நன்றாகத்தான் பிரிக்கும். அப்புறம் நல்ல கொட்டை விழும் பக்கம் எத்தனை கருப்பு தப்பியது, கழிவில் எத்தனை நல்லது போனது என்று எண்ணுங்கள். இரண்டுமே காசு.

கேமரா முன்னால் உள்ள கண்ணாடியில் தூசி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படியும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். பெரும்பாலும் சரியாக ஓடும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதக் கண் சீக்கிரம் அசந்துவிடும். உளவியலாளர் மேக்வொர்த் 1948இல் வெளியிட்ட சோதனையில், கவனித்தவர்கள் அரை மணி நேரத்திலேயே அதிகம் தவறவிட ஆரம்பித்தார்கள். எண்ணிப் பார்க்கும் வேலை மெஷினை மட்டும் சோதிப்பதில்லை. கெட்ட கொட்டையைப் பார்த்ததும் பிடிக்கும் பழக்கமும் கைவிட்டுப் போகாது. அந்தப் பழக்கம் போய்விட்டால் மெஷின் தவறுவதே நமக்குத் தெரியாது.

நிறத்தில் தெரியாத குறைக்கு இது உதவாது. புளித்த வாடை, பூச்சி துளைத்த ஊசிமுனை ஓட்டை இதற்கெல்லாம் மூக்கும் கையும்தான். லாட் (ஒரே தொகுதியாக வந்த கொட்டை) மாறினால், அந்த லாட்டிலிருந்தே புதிதாகப் பொறுக்கிச் சோதியுங்கள்.