கும்பகோணத்தில் ஒரு நாள், கார் இல்லாமல்

வெளிநாட்டிலிருந்து வரும் நம்மில் பலர் கும்பகோணத்தைப் பார்ப்பது வேன் ஜன்னல் வழியாகத்தான். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று இருட்டோடு கிளம்புகிறோம். ராத்திரி அறைக்குத் திரும்பும்போது எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிப்போகிறது. வேண்டுதல் இருந்தால் அந்தச் சுற்றையும் முடியுங்கள். ஆனால் விடுப்பில் ஒரு நாளைத் தனியே எடுத்து வையுங்கள். உறவுக் கூட்டம் இல்லாமல், கூடப் படித்த நண்பரையோ தோழியையோ மட்டும் அழைத்துக்கொண்டு, சாரங்கபாணி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடங்கள்.

தேதியை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விடுப்பில் இருப்பது நாம்தான், அவர் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவோ, பள்ளியில் லீவு சொல்லவோ அவருக்கு அவகாசம் வேண்டும். திருச்சி விமான நிலையத்திலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தஞ்சாவூரில் தங்குபவர்கள் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் காலையைக் கோயில்களுக்குக் கொடுங்கள். பதினோரு நிலை ராஜகோபுரத்தைத் தாண்டி சாரங்கபாணி கோயிலுக்குள் போனால், குதிரைகளும் யானைகளும் பூட்டிய கல் தேராகவே கருவறை நிற்கும். அதற்கு இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மட்டுமே வந்துபோகும் குடும்பங்கள் எத்தனை முறை வந்தாலும் ஒரே வாசல் வழியாகத்தான் சேவித்திருப்பார்கள். பொங்கல் தாண்டி ஒரு முறை வர முடிந்தால் வாருங்கள். ‘ஆராவமுதே’ பாசுரங்களைக் கேட்டுத்தான் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் ஆழ்வார்கள் பாடிய நாலாயிரம் பாசுரங்களையும் தேடிப் புறப்பட்டார் என்பது வைணவ மரபு. அந்த ஆராவமுதன் இங்கே இருப்பவர்தான்.

வெளியே வந்தால் சன்னிதித் தெருவிலேயே கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. ஓட்டு வீடு, சின்னத் திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலுடன் ஓர் அறை. சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. பிள்ளைகள் கூட வந்தால் இங்கே அவசரப்படுத்தாதீர்கள். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்து அவ்வளவு பெரிய கணக்கு வந்தது என்பதை அவர்கள் நின்று பார்க்கட்டும்.

அடுத்து ராமசாமி கோயில். நாயக்கர் கால அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியது. ராமாயணம் முழுவதையும் பிரகாரச் சுவரில் வரிசை வரிசையாக ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வரிசை என்று நிதானமாகப் பார்த்தபடி வலம் வாருங்கள். நேரம் மிச்சமிருந்தால் நாகேஸ்வரன் கோயில். முற்காலச் சோழர் சிற்பங்களில் மிக அழகானவை அங்கே கருவறைச் சுவரில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஒரே கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே போகச் சொல்வேன். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மேல் வெளிப்பிரகாரக் கல் காலைச் சுட்டுவிடும்.

காலை டிபனுக்கு இட்லியும் கடப்பாவும் கிடைக்குமா என்று நண்பரைக் கேளுங்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு சேர்ந்த இந்தத் தஞ்சை வட்டாரக் குழம்பை எல்லா ஹோட்டலிலும் தினமும் வைப்பதில்லை. எங்கே, எந்தக் கிழமை என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அப்புறம் பில் விஷயம். காபிக்கு அவர் காசு எடுத்தால் தடுக்காதீர்கள். அது அவர் ஊர், நீங்கள் அவர் விருந்தாளி. மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுங்கள். விலையை டாலரில் மாற்றிச் சொல்லி வியப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த விலையில்தான் அவர் தினமும் குடும்பம் நடத்துகிறார்.

உச்சி வெயிலில் கடைவீதி சரியான இடம். பித்தளைப் பாத்திரங்களை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். குத்துவிளக்கு வாங்குவதானால் பக்கத்து ஊரான நாச்சியார்கோவிலில் வார்த்ததா என்று கேளுங்கள். அடிப்பாகம், தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றக்கூடிய விளக்கைக் கடையிலேயே ஒரு முறை கழற்றி மாட்டி, மரை சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஆடினால் மாற்ற வழியில்லை. பெட்டியின் எடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை அங்கேயே போட்டுக்கொள்வதுதான் நல்லது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பச்சை இலையை விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். பெரும்பாலான கடைகளில் கியூஆர் அட்டைதான் இருக்கும், நம் வெளிநாட்டு கார்டு பல இடங்களில் எடுபடாது. நூறும் ஐம்பதுமாகச் சில்லறை வைத்திருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் காவிரிப் பக்கம், பகவத் படித்துறைக்குப் போங்கள். அக்கரையில் 1854-இல் தொடங்கிய அரசு கலைக்கல்லூரி. தண்ணீர் பார்க்க வேண்டும் என்றால் மாதம் முக்கியம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மாசி, பங்குனியில் வந்தால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நடக்க விடாது. நடப்பதற்கும் ஆற்றைப் பார்ப்பதற்கும் ஆவணியும் தை முதல் பாதியும் தோதானவை.

மகாமகக் குளத்தை இருட்டுவதற்கு முன் பாருங்கள். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து பேச இடமும் இருக்கிறது, ரயில் நிலையமும் அங்கிருந்து பக்கம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. அந்த மாசி மாதத்தில் நீராட வருபவர்கள் அறையையும் டிக்கெட்டையும் வெகு முன்பே பதிவு செய்துவிடுங்கள். நான் சொல்லும் இந்த நடையை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.