சைக்கிள் ஓட்டிக் கை மரத்துப்போனால் முதலில் சீட்டைப் பாருங்கள்

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு காலைகளில் அழகியமண்டபம், திருவட்டார் வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம் வரை போய்வருவேன். மூன்றாவது ஞாயிறு வீடு திரும்பி, அன்றே கொடுக்கவேண்டிய ஒரு பிளவுஸுக்கு ஹூக் வைக்க உட்கார்ந்தால் ஊசி விரலில் நிற்கவில்லை. வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கட்டை. மணிக்கட்டில் விண்விண் என்று வலி. நூல் கோக்கவே பத்து நிமிடம் ஆனது. கையை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது சின்ன பயமில்லை.

எந்த விரல் மரக்கிறது என்று முதலில் கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால், சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையின் அடியில் ஓடும் அல்நர் நரம்பை ஹேண்டில் அமுக்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே வைத்திருப்பவர்களுக்கு இது வரும். என்னைப்போல நாள் முழுக்கக் கத்திரி பிடிக்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

நம் பக்கத்து வழக்கப்படி நானும் ஒரு வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவினேன். வலி இரண்டு நாள் அடங்கியது. அடுத்த ஞாயிறு பழையபடி. அவரே சொன்னார்: "மக்களே, எண்ணெய் வலிய ஆத்தும். அமுக்குறத நீதான் நிறுத்தணும்." சரியான பேச்சு.

அமுக்கியது எது? உடம்பின் பாரம். பாரம் ஏன் கைக்கு வந்தது? சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததால். வாங்கின கடையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்திருந்தார்கள், எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் நம்மை அறியாமல் முன்னால் வழுக்குவோம், அந்த வழுக்கலைக் கைதான் முட்டுக்கொடுத்துத் தாங்கும். கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணனிடம் ரசமட்டம் வாங்கி, சமதளத்தில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்தேன். குமிழி கோட்டைத் தாண்டிப் பின்னால் ஓடியது. சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தி, மூக்கைத் தூக்கி, குமிழி நடுவில் நின்றதும் முறுக்கினேன். மூக்கை மட்டத்துக்கு மேலே தூக்கிவிடாதீர்கள், பிறகு வேறு இடம் மரக்கும். என் மரப்பில் பாதிக்குமேல் இந்த ஒரு வேலையிலேயே போனது.

அடுத்து ஹேண்டில். சீட்டைவிட மிகவும் தாழ்ந்தோ எட்டாத தூரத்திலோ இருந்தால் பாரம் மறுபடி கைக்கே வரும். சீட்டின் மட்டத்துக்காவது உயர்த்துங்கள். பழைய மாடலில் ஹேண்டில் தண்டை மேலே இழுக்கலாம், ஆனால் அதிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. புது மாடலில் ஹேண்டில் தண்டுக்கு மேலும் கீழும் இருக்கும் வளையங்களை மாற்றிப்போடவேண்டும். அது பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் தொடும் வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிரேக் பிடியின் சாய்வை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் விரல் வையுங்கள். ஒருவரை விட்டு, முன்கையிலிருந்து புறங்கை வரை ஒரு ஸ்கேலை வைக்கச் சொல்லுங்கள். நான் துணி வெட்டும் ஸ்கேலையே வைத்தேன். மணிக்கட்டுக்கிட்ட ஸ்கேல் தூக்கிக்கொண்டு நின்றது, அதாவது மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தது. பிரேக் பிடியைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே திருப்பினேன், ஸ்கேல் படிந்தது. உடம்புக்கு அளவெடுத்துத்தானே பிளவுஸ் தைக்கிறோம், சைக்கிளுக்கு மட்டும் ஏன் அளவு பார்ப்பதில்லை?

கையுறை, ஜெல் வைத்தது, நல்லதுதான். தடிமன் கூடினால் ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அதனால் அளவாக வாங்குங்கள். உள்ளங்கை பரந்து உட்காரும்படி அகலமான கிரிப் கிடைக்கிறது. டயரில் கல்லுமாதிரி காற்றடிக்கவேண்டாம். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச காற்றழுத்த அளவுகளுக்கு நடுவே வைத்தால் ரோட்டின் அதிர்ச்சி கைக்குக் குறைவாக வரும்.

ஓட்டும்போது முழங்கையை லேசாக மடித்து வையுங்கள், விறைத்து நீட்டாதீர்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் நாகர்கோவிலுக்குத் திரும்பியவர்களுக்குத் தெரியும், எதிர்காற்றில் கை தானாகவே ஹேண்டிலை இறுக்கிக்கொள்ளும். அந்த வழியில் அடிக்கடி நிறுத்தி விரலை விரித்து மடக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். ஒன்றை மாற்றி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எது உதவியது என்று அப்போதுதான் தெரியும்.

இறங்கிய பிறகும் மரப்பு மறுநாள் வரை நின்றால், ராத்திரியில் கை மரத்துத் தூக்கம் கலைந்தால், ஓட்டுவதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். காகிதம் எளிதாக உருவிக்கொண்டு போனாலோ, அதைப் பிடிக்கக் கட்டைவிரல் நுனி மடங்கினாலோ அல்நர் நரம்பு பலம் இழக்கிறது என்று பொருள். அதற்கு மேல் தள்ளிப்போடவே கூடாது. அந்தக் கையோடு திருவட்டார் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவும் முடியாது.