மலையகக் கிளினிக்குகளில் நோயாளரின் தகவலைக் காப்பது எப்படி

தோட்டத்து மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கிலோ பணியாற்றும் ஒருவர், நோயாளரின் தகவல் எவ்வழியாக வெளியேறுகிறது என்று ஒரு வாரம் கவனித்தால், பெரும்பாலும் உரத்த தம் குரலையே கேட்பார். காலையில் வாங்கில் இருப்போர் காதுபடச் சொல்லப்பட்ட ஒரு நோயின் பெயர், மதியம் தேயிலைக் கொழுந்து நிறுப்பதற்கு முன் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே சுவரைப் பகிரும் லயத்து அறைகளில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், பெயரை மறைத்தாலும் "மேல் லயத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளை" என்ற அளவே ஆளைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

ஆகவே முதலில் அழைக்கும் முறையை மாற்ற வேண்டும். வந்த வரிசைப்படி இலக்கத் துண்டு கொடுத்து, இலக்கத்தைச் சொல்லி மட்டுமே அழையுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரும் முதலெழுத்தும் கொண்ட இருவர் இருப்பது வழக்கம். எனவே ஆளைச் சரிபார்ப்பதைக் கைவிட முடியாது, ஆனால் தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் அறைக்குள் கேட்கலாம். "சீனி வருத்தமா, பிரஷரா?" என்று வாசலில் நின்று கேட்கும் பழக்கம் தீங்கற்றதாகத் தோன்றினாலும், அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நிற்பவருக்கு வேறு ஏதோ நோய் என்று மற்றவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். வைத்தியர் மேசைக்கும் வாங்குக்கும் இடையே திரைச்சீலை மாட்டினால் உருவம் மறையும், ஒலி மறையாது. வாங்கை விறாந்தைக்கு நகர்த்துவதே நல்லது. மழை நாளில் எல்லோரும் உள்ளே நெருங்கிவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே இடத்தைத் திட்டமிடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. வைத்தியர் சிங்களத்தில் பேச, நோயாளர் தமிழில் பேச, இடையில் யார் நிற்கிறார் என்பதை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. அருகில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ, பள்ளிக்குப் போகும் சொந்தப் பிள்ளையையோ கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது மிகத் தவறானது. குருதிப்போக்கைப் பற்றியோ குடும்பத் திட்டமிடலைப் பற்றியோ ஒரு தாய் தன் மகன் வழியாக எப்படிப் பேசுவாள்? இரகசியம் காப்பதாக எழுதிக் கையெழுத்திட்ட ஊழியர் ஒருவரை இதற்கென நியமியுங்கள். அவர் இல்லாத நாளுக்காக, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை இரு மொழியிலும் எழுதிய அட்டையொன்றை மேசையில் வையுங்கள்.

குடும்பத்தினரும் தோட்ட நிர்வாகமும் கேட்கும் கேள்விகள் இதைவிடக் கடினமானவை. மருமகள் ஏன் கிளினிக்குக்கு வந்தாள் என்று மாமியார் கேட்டால், "அவரிடமே கேளுங்கள் அம்மா" என்பதே விடை. அதைக் கோபமில்லாமல் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். சுகவீன லீவுக்காக அலுவலகத்துக்கு அனுப்பும் துண்டில் எத்தனை நாள் ஓய்வு வேண்டும், இலகுவான வேலை கொடுக்க வேண்டுமா என்பவை இருந்தால் போதும். கிளாக்கரோ துரையோ நோயின் பெயரைக் கேட்டால், நோயாளரின் சம்மதம் எழுத்தில் இருந்தாலொழியச் சொல்லாதீர்கள். தோட்டம் சம்பளம் தருகிறது என்பதற்காகத் தோட்ட வைத்திய உதவியாளர் நோயாளரின் இரகசியத்தைத் தோட்டத்துக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர்.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கமாக எண்ணிவிடக் கூடாது. 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களும் இதே செய்தியையே சொல்கின்றன. ஆகவே பெயரில்லாமல் அடையாள அட்டை இலக்கங்களை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிய பட்டியலும் வயதையும் பாலினத்தையும் வெளிப்படுத்திவிடும்.

கைப்பேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வைத்தியரின் ஆலோசனைக்காக அனுப்பியே ஆக வேண்டுமெனில், பெயரும் இலக்கமும் உள்ள பகுதியை மறைத்து, அவர் ஒருவருக்கே அனுப்பி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். படங்கள் தாமாகவே கைப்பேசியின் சேமிப்பில் விழும் அமைப்பையும் நிறுத்தி வையுங்கள்.

பதிவேடுகளைப் பூட்டிய அலுமாரியில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தாள்கள் ஈரமேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது கோவைகளை விறாந்தையில் விரித்துக் காயவைப்பதைப் பார்த்திருக்கிறேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசித்தார்கள். காயவைப்பதைப் பூட்டிய அறைக்குள் செய்யலாம். காலாவதியான தாள்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடவே கூடாது. பஸ் நிலையத்தில் நான் ஒருமுறை வாங்கிய வடை, ஒரு பெண்ணின் பெயரோடு கூடிய கர்ப்பப் பரிசோதனை அறிக்கையில் சுற்றப்பட்டிருந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பதிவுகளைப் பொறுப்பாளர் முன்னிலையில் கிழித்து எரித்து, எரித்த திகதியைக் குறித்து வையுங்கள்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலத் தரவைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையில் வைக்கிறது. அதேவேளை டெங்கு, காசநோய் போன்ற நோய்களைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது சட்டக் கடமை. அது இரகசியத்தை மீறுவதாகாது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வரக்கூடும் என்பதை நோயாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எந்த நேரத்தில், எங்கே சந்திப்பது அவருக்கு வசதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தகவல் வெளியே போய்விட்டால், அதை மூடி மறைக்காமல் அன்றே பொறுப்பதிகாரிக்குத் தெரிவித்து, நோயாளரைத் தனியே அழைத்து, எது, யாருக்கு, எப்படிப் போனது என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். லயத்தில் வேறொருவர் வாயிலிருந்து அவர் அதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.