கெட்டிக்காரரை 'திக்' என்று எழுதிவிடாதீர்கள்

கெட்டித் தயிர் ஆங்கிலத்தில் 'திக் கர்ட்'. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலின் கெட்டி, 'ஹார்ட்'. கெட்டிக்காரப் பையனுக்கோ இரண்டும் ஆகாது. பிரிட்டிஷ் பேச்சில் 'திக்' என்றால் மந்தபுத்தி. அவனை 'ஷார்ப்' அல்லது 'பிரைட்' எனலாம். தொட்டறியும் குணத்தை மனசுக்கும் புத்திக்கும் ஏற்றிச் சொல்வது இரண்டு மொழியிலும் உண்டு, ஏற்றுகிற இடம்தான் வேறு.

ஓர் ஆங்கிலச் சொல் எந்த இடத்தில் என்ன அர்த்தம் தருகிறது என்று அறிய, முதலில் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். 'ஹார்ட் பெட்' என்றால் எதிர் 'சாஃப்ட்'. 'ஹார்ட் கொஸ்டின்' என்றால் 'ஈஸி'. காவிரி வண்டல் 'ரிச் சாயில்', எதிர் 'புவர் சாயில்'. நெய் மிதக்கும் சாப்பாடும் 'ரிச்'தான், ஆனால் அதற்கு எதிர் 'பிளெயின்'. எதிர்ச்சொல் மாறினால் அர்த்தமும் மாறிவிட்டது. ஸ்ட்ராங் டீக்கு எதிர் 'வீக் டீ'. கும்பகோணம் டீக்கடையில் 'லைட்'டாகவே கேளுங்கள். 'வீக்' என்றால் மாஸ்டர் முறைப்பார்.

அடுத்து, சொல்லை 'இஸ்' என்பதற்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். 'எ ஹெவி பேக்', 'தி பேக் இஸ் ஹெவி': மாற்றமில்லை. 'எ ஹெவி ஸ்மோக்கர்' நிறைய சிகரெட் பிடிப்பவர். 'தி ஸ்மோக்கர் இஸ் ஹெவி' என்றால் ஆள் குண்டு. 'ஓல்ட் ஃபிரெண்ட்' என்பதும் அப்படியே, பின்னால் தள்ளினால் பழைய சிநேகிதர் கிழவராகிவிடுவார். எல்லாம் இப்படி முரண்டு பிடிக்காது. 'தி டிராஃபிக் இஸ் ஹெவி' சரிதான்.

அதிகம் சறுக்குவது சூடு, குளிர்ச்சியில். சித்திரை வெயிலில் காய்கிற நமக்குக் குளிர்ச்சி சுகம்: கண் குளிர, மனம் குளிர என்கிறோம். பொறாமைதான் வயிறெரிச்சல். ஆங்கிலத்தில் அன்பு 'வார்ம்', முகம் கொடுக்காமை 'கோல்ட்'. நன்றிக் கடிதத்தில் 'மனம் குளிர்ந்தது' என்பதை 'கோல்ட் ஹார்ட்' ஆக்கினால் ஈவிரக்கமில்லாதவர் என்றாகிவிடும். 'ஐ வாஸ் டிலைட்டட்' போதும். 'ஹாட்' என்பதற்குக் காரம் என்றும் பொருள். ஆகவே குழம்பு சுடுகிறதா உறைக்கிறதா என்ற சந்தேகம் வராதிருக்கக் காரத்துக்கு 'ஸ்பைசி' என்றே எழுதுங்கள்.

'லி' விகுதியிலும் கவனம் வேண்டும். ஆழமாகத் தோண்டுவது 'டிக் டீப்', மனமார நன்றி 'டீப்லி கிரேட்ஃபுல்'. இதை நம்பி, கடினம் என்கிற 'ஹார்ட்' என்பதோடு 'லி' ஒட்டினால் மோசம். வேலை விண்ணப்பத்தில் 'கடுமையாக உழைக்கிறேன்' என்று நினைத்து 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்று எழுதினால் 'நான் வேலையே செய்வதில்லை' என்கிற மாதிரி. 'ஷார்ப்பா 10 மணிக்கு' என்று நாம் முன்னால் சொல்வது ஆங்கிலத்தில் பின்னால் போகும்: 'அட் டென் ஷார்ப்'.

நோட்டில் 'ஹெவி: கனமான' என்று தனியாகக் குறிக்காதீர்கள், பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். கனமழை 'ஹெவி ரெயின்', கனத்த மனம் 'ஹெவி ஹார்ட்'. தலைக்கனம் மட்டும் 'ஹெவி' இல்லை. அப்படிப்பட்டவர் 'பிக் ஹெடட்'.