ஒரு குர்தியில் தொடங்குங்கள்: உங்களுக்கான உடையைக் கண்டுபிடிக்க ஒரு செய்முறை

பீரோ நிறைய துணி இருந்தும் திரும்பத் திரும்ப நாலைந்தைத்தான் உடுத்துகிறீர்களா? அந்த நாலைந்தில்தான் உங்கள் ரசனை இருக்கிறது. அதைப் படித்து, அளந்து, அடுத்த துணிக்குக் கொண்டுபோவதுதான் இந்தச் செய்முறை. தினமும் போடும் காட்டன் குர்தியை வைத்தே சொல்கிறேன். பட்டுப்புடவையையும் கல்யாணத் துணிகளையும் இதில் சேர்க்க வேண்டாம்.

1. முப்பது நாள் அடுக்கு

துவைத்து மடித்த குர்தியை எப்போதும் அடுக்கின் மேலேயே வையுங்கள். எடுப்பது எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். முப்பது நாளில் போடாதவை தானாக அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் ஐந்தையும் அடியில் கிடக்கும் ஐந்தையும் வெளியே எடுங்கள்.

2. காரணம் எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் துணி வகை, கழுத்து, கைநீளம், மொத்த நீளம், ஸ்லிட் (பக்கவாட்டுத் திறப்பு) தொடங்கும் இடம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "கழுத்து அகலம், தோளிலிருந்து வழுக்குகிறது", "பாலியெஸ்டர், மத்தியானத்துக்குள் முதுகில் ஒட்டிக்கொள்கிறது" என்று எழுதினால்தான் டெய்லரிடம் பேச முடியும். நிறம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய பலதில் உண்மையான குறை அளவில்தான் இருக்கும்.

3. அளவெடுத்தல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேலே இருந்த ஐந்தில் மிகவும் பிடித்ததை இஸ்திரி போட்டுத் தரையில் விரியுங்கள். மெத்தையில் வேண்டாம், துணி அமுங்கி அளவு மாறும். இன்ச்டேப் புதிதாக இருக்கட்டும். பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டுவிடும். இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

தோள்: முதுகுப் பக்கம், ஒரு கைத் தையலிலிருந்து மறு கைத் தையல் வரை நேராக.
மார்பு: அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே, அளந்ததை இரண்டால் பெருக்குங்கள்.
இடுப்பு: ஸ்லிட் தொடங்கும் இடத்தில், அதையும் இரட்டிப்பாக்குங்கள்.
ஆம்ஹோல் (கை இணையும் வளைவு): டேப்பை விளிம்பில் நிறுத்தி, வளைவோடு வளைவாக.

இவை துணியின் அளவு, உடம்பின் அளவு அல்ல. உடம்பில் மார்பு 36 என்றால், இழுபடாத காட்டனில் குர்தி 38 முதல் 39 வரை இருக்க வேண்டும். டெய்லரிடம் 36 என்று மட்டும் சொன்னால், அவர் அதை உடம்பளவாக எடுத்துக்கொள்வாரா துணியளவாக எடுத்துக்கொள்வாரா என்பது அவரவர் பழக்கம். எந்த அளவு என்று சொல்லியே கொடுங்கள்.

இனி ஆம்ஹோல். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது குர்தி முழுவதும் மேலே ஏறுகிறதா? "டைட்டாக இருக்கிறது, லூஸ் வையுங்கள்" என்று கேட்போம். அவரும் ஆம்ஹோலை இன்னும் இறக்கி வெட்டுவார். அடுத்த முறை இன்னும் அதிகமாக ஏறும். வளைவு கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கவாட்டுத் துணியும் கையோடு சேர்ந்து இழுபடுவதுதான் காரணம். அக்குளுக்கு ஏறத்தாழ ஒரு இன்ச் கீழே வளைவு நின்றால் போதும். வெட்டிய பிறகு இதைச் சரிசெய்வது கடினம். தோள் தையலைப் பிரித்து அரை இன்ச் ஏற்றலாம், அதற்குமேல் முடியாது. ஆகவே அளவுத் துணி கொடுக்கும்போது அதிலுள்ள குறையையும் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் குறையும் சேர்ந்தே தைக்கப்பட்டு வரும்.

4. துணி

முழங்கால் வரை நீளம், முக்கால் கை என்றால் 44 இன்ச் அகலத் துணி இரண்டரை மீட்டர் போதும். காட்டனை வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். 4 சதவீதம் சுருங்கினாலே 44 இன்ச் நீளத்தில் ஒன்றே முக்கால் இன்ச் போய்விடும். ரேயானும் சுருங்கும். பக்கத் தையலில் ஒரு இன்ச் உள்ளே விடச் சொல்லுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்க, நனைந்த ஓரத்தை வெள்ளைக் கர்ச்சீப்பால் தேயுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான். தனியாகத் துவைப்பதுதான் வழி.

5. நிறம்

கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். துணியை வாசலுக்குக் கொண்டுபோய், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இருபது நிற லெக்கிங்ஸ் வாங்குவதைவிடக் கருப்பு, கருநீலம், சந்தன நிறம் என்று மூன்று காட்டன் பேன்ட் நல்லது என்பேன். புதுக் குர்தி இவற்றில் இரண்டோடாவது சேர வேண்டும். சேராவிட்டால் அதற்கென்றே இன்னொரு பேன்ட் வாங்க நேரிடும்.

முதலில் ஒன்றே ஒன்று தைக்கக் கொடுங்கள். மூன்று முறை துவைத்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து, படியேறிப் பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுக்கலாம்.

பிற்சேர்க்கை: தோளுக்கு எஸ், இடுப்புக்கு எல் என்றால் ரெடிமேடில் எதை வாங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பக்கம் வெட்டிய நேர் குர்தியில் தோளைப் பார்த்து வாங்குங்கள். இடுப்பில் பிடித்தால் ஸ்லிட்டை இரண்டு இன்ச் மேலே பிரித்து மடித்துத் தைக்கலாம், சிறிய வேலைதான். ஸ்லிட் இல்லாத குர்தி என்றால் ஏ-லைன், அதாவது கீழே போகப் போக அகலும் வெட்டு, பாருங்கள். பெரிய அளவை வாங்கித் தோளைக் குறைக்க நினைத்தால் கையைப் பிரித்து, வளைவை மறுபடி வெட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அந்தக் கூலிக்குப் புதிதாகவே ஒன்று தைத்துக்கொள்ளலாம்.