தோட்ட நிலத்தில் சுற்றெல்லை உணரிக் கேபிள் பதிக்கும் முறை

வேலியை உயர்த்தினால் தோட்டத்தின் அழகு கெடும் என்று தயங்கும் கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கும் பெரிய தரைவீடுகளுக்கும், எல்லை தாண்டி நுழைபவரைக் கண்டுகொள்ள மண்ணுக்குள் பதிக்கும் உணரிக் கேபிள் பொருத்தமானது. இவற்றில் பரவலானது கசியும் கோஆக்ஸியல் (நடுக் கம்பியைச் சுற்றி உலோக உறை கொண்ட) வகை. ஒரு கேபிள் தன் உறையில் உள்ள துளைகளின் வழியே வானொலி அலையைக் கசியவிட, இணையாகச் செல்லும் மற்றொன்று அதை வாங்கிக்கொள்கிறது. இதனால் தரைக்கு மேல் ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரை ஓர் அலைப்புலம் உருவாகிறது. மனித உடல் அதற்குள் நுழையும்போது ஏற்படும் மாற்றத்தை மையக் கருவி கண்டுகொள்கிறது.

ஆண்டுக்குச் சுமார் 2100 மில்லிமீட்டர் மழை பெய்யும் சிங்கப்பூரில், இந்த வேலையின் தரத்தைக் கேபிளின் விலையைவிட நீரின் போக்கே அதிகம் தீர்மானிக்கிறது. ஈரக் களிமண் அலையின் வலுவைக் குறைக்கும்; தரைமேல் ஓடும் நீரையோ கருவி ஆள் நடமாட்டமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பலத்த மழை பெய்து ஓய்ந்தவுடன் எல்லையைச் சுற்றி நடந்து, நீர் தேங்கும் இடத்தையும் வழிந்தோடும் தடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் வடிகாலைச் சரிசெய்த பிறகே கேபிளைப் பற்றி யோசிக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பின்னர் உணர்திறனைக் குறைத்துப் பொய் எச்சரிக்கைகளை அடக்குவது, காவலையே குறைத்துக்கொள்வதாகும்.

தடத்தை இரும்பு வேலியிலிருந்து குறைந்தது 2 மீட்டராவது தள்ளி வையுங்கள். காற்றில் ஆடும் உலோகமும் புலத்தைக் கலைக்கும். மண்வெட்டியைத் தொடும் முன்பு, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளரை அழைத்து, நிலத்தடி மின்கேபிள்கள் எங்கே செல்கின்றன என்று குறிக்கச் செய்ய வேண்டும். தூங்குமூஞ்சி போன்ற பெருமரங்களின் வேர்கள் மேலோட்டமாக நெடுந்தூரம் படர்பவை. அவற்றின் அருகே இயந்திரத்தைக் கொண்டுபோகாமல் கையால் தோண்டுங்கள். தடித்த வேரை வெட்டுவதைவிடத் தடத்தை வளைத்துக்கொள்வதே முறை.

புல்லை வேர்மண்ணோடு பட்டைபட்டையாக அறுத்து, நிழலில் அடுக்கி ஈரம் காயாமல் வைத்திருங்கள். மண் தரையில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 23 சென்டிமீட்டர். தார், கான்கிரீட் பாதைகளில் 6 சென்டிமீட்டர் போதும். இரு கேபிள்களுக்கும் இடையிலான தூரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். ஆனால் எந்த அளவை எடுத்தாலும் அது தடம் நெடுகிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆழமோ இடைவெளியோ ஏறி இறங்கினால் ஓரிடத்தில் உணர்திறன் மிகுந்து மற்றோரிடத்தில் மங்கிவிடும். மூலைகளில் செங்கோணமாக மடிக்காமல் அகலமாக வளைத்துச் செல்லுங்கள். பள்ளத்தின் அடியில் மெல்லிய மணல் பரப்பி, முறுக்கு இல்லாமல் கேபிளைக் கிடத்தி, கல் பொறுக்கிய மண்ணால் மூடி, அடுக்கடுக்காக மிதித்து இறுக்குங்கள். மேலே எச்சரிக்கை நாடா பதிப்பதானால் வெறும் பிளாஸ்டிக் நாடாவாக இருக்கட்டும். உலோக இழை கலந்தது புலத்தைப் பாதிக்கும்.

ஒரு நாளில் மூடக்கூடிய நீளத்துக்கு மட்டுமே தோண்டுங்கள். திறந்த பள்ளத்தில் மழைநீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அது டெங்கிக்கு இடமளிப்பதோடு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் நடவடிக்கைக்கும் வழிவகுக்கும்.

மண் படிந்து புல் வேர் பிடித்த பிறகே இறுதி அளவீட்டைச் செய்யுங்கள். ஒருவர் நடந்தும், ஓடியும், தவழ்ந்தும் எல்லையைக் கடக்க, ஒவ்வொரு பகுதியும் எச்சரிக்கை தருகிறதா என்று மற்றவர் கருவியில் பார்க்க வேண்டும். பகுதிகள் சந்திக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. காய்ந்த நிலத்தில் ஒருமுறையும் மழையில் நனைந்த நிலத்தில் மறுமுறையும் சோதியுங்கள். தடத்தின் வரைபடம் ஒன்றைத் தோட்டப் பராமரிப்பாளரிடமும் கொடுத்துவையுங்கள். புல் ஓரம் வெட்டும் மண்வாரியும் மண்ணில் துளையிடும் கருவியும் அவர் கையில்தான் இருக்கின்றன. தெளிப்பான் குழாய் பதிப்பதும் விளக்குக் கம்பம் நடுவதும் உங்களைக் கேட்ட பிறகே நடக்க வேண்டும், நடந்த பின் அந்தப் பகுதியை மீண்டும் நடந்து சோதிக்க வேண்டும்.